பன்னிரண்டு தோலா வெள்ளி

இரண்டாவது குழந்தைக்கு நாலு மாதம் ஆகிறது. புதன்கிழமைதோறும் தூக்கிக்கொண்டு போய் எடை பார்த்துவிட்டு வருகிறேன். தராசில் இப்போது கிலோ வந்துவிட்டது. வரும் வழியெல்லாம் அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருகிறேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால், "நல்லாத்தானே இருக்கு" என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன். அப்படிக் கேட்கும் பழக்கம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு டீச்சர் இருந்தார். அவரிடமிருந்து தொற்றிக்கொண்டது.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கேயாவது படித்துவிட்டு, "ஒரு சம்பவத்தை வச்சு என்னை முடிவு கட்டிட்டீங்களே" என்று சொல்வாரோ என்ற பயம்தான். ஆறேழு வருஷம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை.

நாலு குடித்தனங்கள் இருந்த வீடு அது. எங்களுக்குக் கீழே பின்கட்டில் ஒரு அறையும் சமையலறையும். டீச்சருக்கு மாடியில் ஒற்றை அறை. திருச்சியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று யாரும் நேரில் கேட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் எல்லாரும் கேட்டார்கள். காலையில் கிளம்பும்போது புடவை விறைப்பாக இருக்கும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வலது கைப்பக்கம் முழுக்க சாக்பீஸ் தூள். அதைத் தட்டிவிடக்கூட மாட்டார்.

நாங்கள் குடிவந்த மறுநாள், குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று முற்றத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். படியிறங்கி வந்தவர் நின்றார். எத்தனை நாளாகப் பார்த்தீர்கள் என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். ஒரு நாளை வைத்துக்கொண்டு குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லமுடியாது, இன்னும் இரண்டு நாள் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபமாக வந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. அதில் இன்னும் கோபம்.

அவருடைய கணக்கு இதுதான். ஒரு புள்ளி என்றால் அது வெறும் சேதி. இரண்டு புள்ளி இருந்தால் கோடு போடலாம். எவ்வளவு ஏறியிருக்கிறது, எத்தனை நாளில் ஏறியிருக்கிறது, ஏற்றத்தை நாளால் வகுத்தால் சாய்வு. ஆனால் இரண்டு புள்ளியை நம்பவும் கூடாது. எந்த இரண்டு புள்ளியை வைத்தாலும் ஒரு கோடு வந்து நிற்கும். மூன்றாவதும் அதன்மேல் விழுந்தால்தான் அது கோடு. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குச் சொன்னதை வீட்டிலும் சொல்வார், அரிசிக்கும் காய்ச்சலுக்கும் பஸ்ஸுக்கும் சொல்வார். வீட்டில் அவருக்குக் கோடு டீச்சர் என்று பெயர். வீட்டுக்கார அம்மாளின் பிள்ளை மூன்று வருஷமாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் ஒருநாள் நாலு பேர் முன்னால், "எங்க பையன் எப்ப பாஸ் பண்ணுவான்னு ஒரு கோடு போட்டுச் சொல்லுங்களேன் டீச்சர்" என்று சீண்டினாள். டீச்சர் சிரிக்காமல் மூன்று வருஷ மார்க்கையும் கேட்டார். கேட்டுவிட்டு, "கோடு கிடைச்சிடுச்சுங்க. மட்டக்கோடு. சாய்வு பூஜ்யம்" என்றார். ஒரு மாசத்துக்கு அந்த அம்மாள் அவரோடு பேசவில்லை.

அவர் கோடு தப்பியதும் உண்டு. ஒரு ஆடியில் காவிரி பெருகி வந்தபோது, அம்மா மண்டபத்துப் படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று தினமும் போய் எண்ணிக்கொண்டு வந்தார். மூன்று நாள் எண்ணிவிட்டு, வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குள் தண்ணீர் வரும் என்றார். வெள்ளிக்கிழமை தண்ணீர் இரண்டு படி இறங்கியிருந்தது. மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். நானாக இருந்தால் நாலு நாள் மாடியை விட்டே இறங்கியிருக்கமாட்டேன். அவர் ஒவ்வொரு குடித்தனமாக வந்து, என் கோடு தப்பு, மேலணையை நான் யோசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பென்சிலில்தான் வரைவார். பேனாவால் ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா வீட்டில் பிரசவமாகி, மூன்றாம் மாதம் குழந்தையோடு ஸ்ரீரங்கம் திரும்பினேன். என் கணவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. விடிவதற்குள் சைக்கிளை எடுத்தால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பகல் முழுக்க நானும் குழந்தையும்தான். பால் போதுகிறதா, போதவில்லையா, அழுவது பசியா, வயிற்றுவலியா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்தேன். படித்தவள் என்பதால் தெரிந்திருக்கவேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதுகூட எழுந்து எழுந்து போய்க் குழந்தையின் மூக்கில் கை வைத்துப் பார்ப்பேன்.

டீச்சர் ஒருநாள் மாடியிலிருந்து கிராஃப் தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தாய்சேய் நிலையத்தில் புதன்கிழமை புதன்கிழமை எடை பாருங்கள், அவுன்ஸில் எண்ணிச் சொல்லுங்கள் என்றார். படுக்கைவாட்டில் வாரம், நிமிர்ந்த வாட்டில் எடை. முதல் வாரம் பத்து பவுண்டு இரண்டு அவுன்ஸ். மொத்தம் நூற்று அறுபத்திரண்டு அவுன்ஸ். அதை வாரம் பூஜ்யம் என்று குறித்தார். அடுத்த புதன் நூற்று அறுபத்தெட்டு. சாய்வு என்ன, சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். படித்த கணக்கு மறந்துபோகவில்லை என்று காட்டும் அவசரத்தில் வாரத்தை அவுன்ஸால் வகுத்துவிட்டு, ஆறில் ஒன்று என்றேன்.

"அதுவும் ஒரு விடைதான்" என்றார். "ஒரு அவுன்ஸ் ஏற எத்தனை வாரமாகும்னு யாராவது கேட்டா அதைச் சொல்லுங்க. நமக்கு வேண்டியது வாரத்துக்கு எத்தனை அவுன்ஸுங்கறது."

மூன்றாவது புதன் நூற்று எழுபத்துநாலு. ஸ்கேலை வைத்து மூன்றையும் சேர்த்தார். கீழே எழுதினார். எக்ஸ், ஒய் என்று போடாமல், எனக்காகத் தமிழில்: எடை = 6 × வாரம் + 162. அந்தத் தாளை அரிசி டப்பாவுக்கு மேல் சுவரில் குத்திவைத்தேன். அந்த ஒரு வாரம்தான் நான் நிம்மதியாகச் சோறு தின்றேன் என்று நினைக்கிறேன்.

நாலாவது புதன் நூற்று எழுபத்தைந்து. நூற்று எண்பது இருந்திருக்கவேண்டும். ஒரே ஒரு அவுன்ஸ்தான் ஏறியிருந்தது.  டீச்சர் புள்ளியைக் கோட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு புள்ளி இறங்கினால் பயப்படவேண்டாம் என்றார். ஆனால் அடுத்த புதனும் இப்படி ஒன்று இரண்டுதான் ஏறினால் நேரே திருச்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் யார் பேச்சையும் கேட்கக்கூடாது. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காட்டூரிலிருந்து என் நாத்தனார், என் கணவருடைய அக்கா, தாம்பூலத் தட்டோடு வந்தார். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி குழந்தைக்கு அத்தைதான் முதல் வெள்ளி போடவேண்டும். காலுக்குத் தண்டை, இடுப்புக்கு அரைஞாண். "பன்னெண்டு தோலா. கல்லு மாதிரி இருக்கு பாரு" என்று என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பூட்டி முடித்ததும், முப்பது நாள் கழியும்வரை கழற்றக்கூடாது, கழற்றினால் குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை நிலையத்தில், குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டேன். தண்டையில் கை வைத்தேன். ஆயா பார்த்துவிட்டு, அத்தை போட்டதைப் புதுசில் ஏன் கழற்றுகிறாய், அப்படியே படுக்க வை என்றாள். படுக்க வைத்தேன். முள் பதினொரு பவுண்டைத் தாண்டிப்போய் நின்றது. பதினொன்று, ஐந்து அவுன்ஸ். நூற்று எண்பத்தொன்று. ஆறு ஏறியிருந்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை. தூக்கும்போது அரைஞாண் என் மணிக்கட்டில் குளிர்ந்தது. இந்தத் துளி வெள்ளி என்ன எடை இருந்துவிடப் போகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாசல் தாண்டும்போது இன்னொரு முறை சொல்லிக்கொண்டேன். வீடு வரும்வரை எத்தனை முறை என்று எண்ணவில்லை.

சாயங்காலம் தாளோடு மாடிக்குப் போய், நூற்று எண்பத்தொன்று என்று மட்டும் சொன்னேன்.

டீச்சர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். புள்ளியை வைத்தார். நாலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து ஒரு சின்னக் கோடு போட்டார். பழைய கோட்டுக்குக் கீழே, அதற்கு இணையாகப் போனது. "சாய்வு அதே ஆறு. கோடுதான் கொஞ்சம் கீழ இறங்கிப் போகுது. நடுவுல சளியோ என்னமோ, அவ்வளவுதான்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வெள்ளியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். அதற்காக ஒருத்தி குழந்தையின் விஷயத்தில் வாயை மூடிக்கொள்வாளா என்று கேட்டால், மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை குழந்தை இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஒரு வாயிலேயே அழுதாள். உடம்பு லேசாகச் சுட்டது. என் கைதான் சூடோ என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சுவரில் இருந்த தாளில் கோடு நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மாடிப்படியில் போய் நின்றேன். இடுப்பில் குழந்தை, கையில் தாள்.

"டீச்சர், புதன்கிழமை வெள்ளியோட எடை போட்டேன்."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. குழந்தையின் காலைப் பார்த்தார்.

"எத்தனை தோலா?"

"பன்னெண்டு."

அவுன்ஸுக்கு ஏறக்குறைய இரண்டரை தோலா என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். பன்னிரண்டு தோலா, ஐந்து அவுன்ஸ். பென்சிலைத் திருப்பி ரப்பரால் அந்தப் புள்ளியை அழித்தார். சின்னக் கோட்டையும் அழித்தார். ஐந்து கட்டம் கீழே, நூற்று எழுபத்தாறில், வைத்தார். நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்கு ஒன்றுதான் ஏற்றம். கோடு படுத்துவிட்டது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெள்ளி அடுத்த வாரமும் அஞ்சு அவுன்ஸ்தான்" என்றார். "கோட்டைத் தூக்கி வைக்குமே தவிர சாய்வை மாத்தாது. அடுத்த புதன்கிழமை தானா வெளிய வந்திருக்கும். ஆனா அதுக்குள்ள ஒரு வாரம்..." பென்சிலைக் கீழே வைத்தார். கொஞ்சம் கழித்து, "தப்பு உங்களோடது மட்டும் இல்லைங்க. ஆறு வரணும்னு நினைச்சிட்டிருந்தேன். ஆறுன்னு சொன்னீங்க. அதோட கேக்கறதை நிறுத்திட்டேன். என் பொண்ணுங்க யாராவது இப்படிச் செஞ்சா நோட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன்" என்றார்.

இந்நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கமாட்டார்கள், நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகலாம், நானும் வருகிறேன் என்றார். சனிக்கிழமை அவருக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அவர் லீவு போட்டதை அந்த வீட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்து அரைஞாணையும் தண்டையையும் கழற்றினேன். திருகு இறுகியிருந்தது, குழந்தை காலை உதைத்துக்கொண்டே இருந்தாள். கழற்றினால் ஆகாது என்ற சொல் காதிலேயே நின்றது. கழற்றாமல் இருந்ததால் ஆகாமல் போனது எவ்வளவு என்று அந்தத் தாளில் ஐந்து கட்டமாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் திருகைத் திருப்பினேன்.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கும்போது கூட்டம் நெரிந்தது. நான் முதலில் இறங்க, டீச்சர் மேலேயிருந்து குழந்தையை நீட்டினார். அவருக்குக் குழந்தை பிடிக்கத் தெரியாது. திருத்திய நோட்டுக் கட்டை ஏந்துவது மாதிரி இரண்டு கையையும் தட்டையாக வைத்து ஏந்தியிருந்தார். நான் வாங்கிக்கொள்ளும்வரை மூச்சு விடாமல் நின்றார்.

டாக்டரம்மா முதலில் தாளைத்தான் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். டீச்சர் முன்னால் வந்து, ஐந்தாவது புள்ளி முதலில் தப்பாக இருந்தது, திருத்தியிருக்கிறோம் என்று சொன்னார். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. பிறகு டாக்டரம்மா சின்ன விளக்கை வைத்துக் குழந்தையின் காதுக்குள் பார்த்தார்.

"உள்ள சீழ் கோத்திருக்கு. உறிஞ்சினா காது வலிக்கும். பசியோட வாய வப்பா, வலி தாங்காம விட்டுடுவா. அதுதான் உங்க கோடு படுத்திருக்கு" என்றார்.

என் பால்தான் போதவில்லை என்று நான் இத்தனை நாளும் நினைத்ததைச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஊசி ஐந்து நாளைக்கு, தினமும் கொண்டுவரவேண்டும். இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். டாக்டரம்மா, வந்துவிட்டீர்களே என்று மட்டும் சொன்னார். 

திங்கட்கிழமை சேதி கேட்டு நாத்தனார் ஓடிவந்தார். வெறுங்காலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அப்ப நான் போட்டதாலதான் புள்ளைக்கு வந்துச்சுங்கறியா?"

இல்லை அண்ணி, அதைக் கழற்றாமல் எடை போட்டது நான் என்றேன். அவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்த வெறுங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். போகும்போது தண்டையையும் அரைஞாணையும் அவரே துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். முதல் பிறந்தநாளுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

புதன்கிழமை ஐந்தாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் நிலையத்துக்குப் போனேன். ஆயா வெறுங்காலைப் பார்த்தாள். முள் பதினொரு பவுண்டை எட்டவே இல்லை. பத்து பவுண்டு பதினாலு அவுன்ஸ். நூற்று எழுபத்துநாலு. இரண்டு அவுன்ஸ் இறங்கியிருந்தது. முதல் வாரம் அப்படித்தான் இறங்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியில் நூற்று எழுபத்தாறு, நூற்று எழுபத்தாறு என்று என் வாய் தானாகச் சொல்லிப் பார்த்தது. எழுபத்தாறு என்றால் இறங்கவில்லை, நின்றிருக்கிறது என்று ஆகும். இரண்டு அவுன்ஸ்தானே. மாடிப்படி ஏறும்வரை எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"நூத்தி எழுபத்துநாலு" என்றேன்.

"உடம்புல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லை டீச்சர். இடுப்புல கறுப்புக் கயிறு மட்டும்."

நான் கொண்டுபோன பழைய தாளை அவர் வாங்கவில்லை. புதிய கிராஃப் தாளை விரித்து, வாரம் பூஜ்யம் என்று போட்டு, நூற்று எழுபத்துநாலில் புள்ளி வைத்தார். வேறெதற்கும் காத்திராமல் கீழே எழுதினார்: எடை = , அதற்கப்புறம் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, × வாரம் + 174. இடைவெளியில் ஒன்றும் எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

குழந்தை சிணுங்கினாள். அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நோட்டுகளை அடுக்கினார். இரண்டு வாய் குடித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இதோ திருப்பிக்கொள்வாள், இதோ அழுவாள் என்று காத்திருந்தேன். மூன்றாவது வாய். நாலு. டீச்சர் அடுக்குவதை நிறுத்தியிருந்தார். அவரும் எண்ணுகிறார் என்று தெரிந்தது. நாங்கள் இருவரும் எண்ணிக்கொண்டே இருந்தோம். அவள் வாயை எடுக்கவில்லை.